புரட்டிப் பார்க்காத சாக்கு

போன மாதம் பிரியா வீட்டுக்கு வந்தாள். நான் பார்த்த உதவி தோட்டக்கலை அலுவலர் வேலையை இப்போது அவள்தான் பார்க்கிறாள். செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "இனிமே டைரியே எழுத வேணாம்க்கா. தோட்டத்துக்குப் போனமா, ஒரு போட்டோ எடுத்தமா, இத அமுக்கினமா, முடிஞ்சுது" என்றாள்.

திரையில் 'நேரில் ஆய்வு செய்யப்பட்டது' என்று ஒரு வரி. பக்கத்தில் ஒரு கட்டம். தொட்டால் பச்சையாகிறது.

"ஆய்வுன்னா இன்னா? எதைப் பாத்தே?"

"தோட்டத்தைத்தான்க்கா."

"தோட்டத்துல எதை?"

அவள் சிரித்துவிட்டாள். "ஆரம்பிச்சிட்டீங்களா? இதையே எழுதிக் குடுங்க, நம்ம அலுவலர் சங்கத்து மலர்ல போட்டுடறோம்" என்றாள்.

எனக்கு அழகாக எழுத வராது. வேலையில் இருந்தவரைக்கும் நான் எழுதியதெல்லாம் கள நாட்குறிப்பு. இதையும் அப்படித்தான் எழுதுவேன். பிடிக்காதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

என் அப்பா ஜோலார்பேட்டையில் ரயில்வே கேங்மேன். பன்னிரண்டாவது முடித்து, தோட்டக்கலையில் இரண்டு வருட டிப்ளமோ படித்தேன். அந்தப் படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வகுப்பில் சொன்னதைப் பரீட்சையில் எழுதினேன், பரீட்சை முடிந்ததும் மறந்தேன். வேலையைக் கற்றது அணைக்கட்டு என்கிற ஊரில், தணிகாசலம் சாரிடம். அவர் எங்கள் உதவி இயக்குநர்.

அவர் திட்ட மாட்டார். திட்டுகிற அதிகாரியிடம் தப்பிப்பது சுலபம், தலையைக் குனிந்து நின்றால் போதும். இவர் கேள்வி கேட்பார். தினமும் காலையில் எங்கள் டைரிகளை மேசையில் அடுக்கி வைக்க வேண்டும். நாற்காலியில் உட்காராமல், நின்றுகொண்டே, கையில் பென்சிலோடு படிப்பார். நாம் எழுதிய வரியை ரேஷன் கடையில் பெயர் வாசிக்கிற குரலில் உரக்க வாசிப்பார். வாசித்துவிட்டு நம்மைப் பார்ப்பார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் எழுதியிருந்தேன்: 'கொய்யாக் கன்றுகள் அனைத்தும் நன்றாக உள்ளன.' வாசித்தார்.

"பாத்தியா, கேட்டியா?"

எங்களிடம் கன்று வாங்கிய விவசாயியைப் பேருந்து நிறுத்தத்து டீக்கடையில் பார்த்திருந்தேன். "எல்லாம் ஜோரா இருக்குதும்மா" என்றார். நானும் ஜோராக எழுதிவிட்டேன். "கேட்டேன் சார்" என்றேன்.

"அப்ப கேட்டேன்னு எழுது."

என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அந்தக் கொல்லைக்கே போனார். பாதிக் கன்றுகளை ஆடு தின்றிருந்தது. அவர் ஆட்டை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்தில் டைரியின் ஓரத்தில் ஒரு கோடு. ஒவ்வொரு வரிக்கும் நேராக அந்தக் கோட்டுக்கு வெளியே 'பா' அல்லது 'கே' போட வேண்டும். கண்ணால் பார்த்ததற்கு பா. காதால் கேட்டதற்கு கே.

"கே போட்டா தப்பே இல்லம்மா எஸ்தர். கேட்டதுக்கு பா போட்டா, அதான் தப்பு."

அலுவலகம் முழுக்க இதை வைத்துக் கிண்டல். ஜீப் டிரைவர் ஒன்றாம் தேதியானால் வந்து, "சம்பளம் போட்டாச்சாம். கே" என்பார். நான் சிரிக்க மாட்டேன். கே போட்டால் மறுநாள் திரும்பவும் அவ்வளவு தூரம் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். அந்த மனிதரை மனதுக்குள் நிறையவே திட்டியிருக்கிறேன்.

பல வருடம் கழித்து என்னை ஆம்பூருக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு புதுத் திட்டம். நகரத்தில் வசதியில்லாதவர்கள் இருக்கும் தெருக்களில், காலி இடத்திலும் மாடியிலும் அவர்களே சேர்ந்து காய்கறி பயிர் செய்து, குறைந்த விலைக்கு அவர்களே வாங்கிக்கொள்கிற மாதிரி செய்ய வேண்டும். தணிகாசலம் சாரும் அதற்குள் அந்தப் பக்கம் வந்திருந்தார். திரும்பவும் அதே பென்சில்.

எனக்குக் கொடுத்தது பாலாற்றை ஒட்டிய ஒரு தெரு. பெயர் வேண்டாம். வீட்டுக்கு ஒருவராவது ஷூ கம்பெனியிலோ தோல் தொழிற்சாலையிலோ வேலை பார்ப்பார்கள். விடிந்ததும் கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும், சாயங்காலம் ஆறு மணிக்குக் கொண்டுவந்து கொட்டும். அந்த நேரத்துக்கு மார்க்கெட்டில் மிச்சமிருக்கும் கீரை, மாடுகூட யோசித்துத்தான் தின்னும். எந்த நாட்டுக்காரன் காலுக்கோ ஷூ தைக்கிற பெண்களுக்கு ஒரு கட்டு பச்சைக் கீரை கிடைக்காது. எனக்கு இன்றைக்கும் இதை நினைத்தால் கோபம் வருகிறது. நகராட்சி சுகாதார நிலையத்து நர்ஸ் ஒவ்வொருத்திக்கும் "ரத்தம் கம்மி, கீரை சாப்பிடு" என்று சீட்டில் எழுதிக் கொடுப்பார். எழுதுவதற்கு என்ன.

முதல் கூட்டத்தில் எழுந்து பேசியவள் கஸ்தூரி. தோல் தொழிற்சாலையில் பச்சைத் தோல் பிரிவில் வேலை. லாரியில் வரும் தோல்களை உதறி, மேலே ஒட்டிய உப்பைத் தட்டி அடுக்க வேண்டும். இருபது வருடமாக அதைச் செய்த கை, குரல், எல்லாமே கனமாக இருந்தது.

"போன வருசம் ஒரு சார் வந்து தையல் மிஷின் தர்றேன்னு போட்டோ எடுத்துட்டுப் போனாரு. நீங்க இன்னா தருவீங்க மேடம், கத்திரிக்காயா?"

"நான் ஒன்னும் தரமாட்டேன். விதை தருவேன். வேலை நீங்கதான் செய்யணும்."

"அப்ப நீங்க எதுக்கு?"

"தப்பா செஞ்சா திட்டறதுக்கு."

"திட்டறதுக்குத்தான் எங்க சூப்பர்வைசர் கீறாரே. அவரு பத்தாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

தெருக்கோடியில் நகராட்சியின் காலி இடம் இருந்தது. முன்காலத்தில் தோல் தொழிற்சாலைத் தண்ணீர் தேங்கி நின்ற பள்ளம் அது என்று கஸ்தூரி சொன்னாள். டைரியில் கே போட்டுக்கொண்டேன். பிறகு மண் எடுத்தேன். இதை எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதிவைக்கிறேன், ஏனென்றால் இப்போதெல்லாம் மூலையில் ஒரு கைப்பிடி அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். வரப்பு ஓரம், மரநிழல், குப்பை கொட்டிய இடம் எல்லாம் விட வேண்டும். குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்துப் பதினைந்து இடம் குறித்துக்கொள்ள வேண்டும். மேலே இருக்கும் புல்லையும் சருகையும் கையால் ஒதுக்க வேண்டும், வெட்டக் கூடாது. ஆங்கில 'வி' எழுத்து மாதிரி முக்கால் அடி ஆழத்துக்குக் குழி போட்டு, அந்த மண்ணை வெளியே தள்ளிவிட்டு, குழியின் சரிவில் மேலிருந்து கீழ்வரை ஒரு அங்குலக் கனத்துக்குச் செதுக்கி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரு தாளில் கொட்டிக் கலந்து, நாலு பாகமாகப் பிரித்து, எதிரெதிர் பாகம் இரண்டைத் தள்ள வேண்டும். மிச்சத்தைக் கலந்து திரும்பவும் நாலு. அரைக் கிலோ மிஞ்சும்வரை இப்படியே. துணிப்பையில் போட்டு, உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு.

அவ்வளவும் செய்தேன். முடிவு வந்தது. உப்பு ஜாஸ்தி, மற்றதும் ஜாஸ்தி. அந்த மண்ணில் எதுவும் போடக் கூடாது.

சரி, தரையைத் தொட வேண்டாம், செங்கல் அடுக்கி அதன் மேல் பைகளில் வளர்க்கலாம் என்று முடிவு செய்தோம். அணைக்கட்டிலிருந்து செம்மண் வரவழைத்து அதையும் சோதித்தேன். நல்ல மண். எரு, தேங்காய் நார்க்கழிவு, எல்லாம் வந்தது. போர் தண்ணீரையும் சோதித்தேன். அது வேண்டாம், குடிநீர்க் குழாய்த் தண்ணீர் மட்டும் என்று சொன்னேன். துறையிலிருந்து வர வேண்டிய வளர்ப்புப் பைகள் மட்டும் வரவில்லை. கடிதம் மேல் கடிதம் போட்டேன். ஒரு பதிலும் இல்லை.

"சாக்கு எங்க பொறுப்பு மேடம். பேஜார் பண்ணிக்காதீங்க" என்றாள் கஸ்தூரி.

அடுத்த வாரம் போனபோது வரிசையாக வெள்ளைச் சாக்குகள். உறுதியான பிளாஸ்டிக் சாக்கு. எல்லாவற்றையும் உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, வாயை உள்ளே மடித்து, அடுத்தடுத்து ஒரே மாதிரி தைத்திருந்தார்கள். ஷூ கம்பெனிக் கைகள், தையலைக் கேட்க வேண்டுமா. பாதி சாக்குகளில் மண்ணும் நிரப்பியாகிவிட்டது.

"இன்னா சாக்கு இது?"

"உப்பு மூட்டை மேடம். தோலுக்குப் போடற உப்பு வருமே, அந்த சாக்கு. மூணு தபா அலசிட்டோம்."

"எதுக்குப் புரட்டித் தைச்சீங்க?"

"கம்பெனி பேரு தெரியக்கூடாதுல்ல. கேட்ல சீட்டு வாங்காம எடுத்தாந்தது. சூப்பர்வைசர் எதிர்த்த வூட்லதான் கீறாரு."

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று ராணிப்பேட்டையில் ஒரு கூட்டத்துக்குப் போக வேண்டும், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. டைரியில் எழுதினேன்: 'சாக்குகள் உப்பு மூட்டைகள். மூன்று முறை அலசப்பட்டவை.' கோட்டுக்கு வெளியே போட்டேன்: பா.

அந்த ஒரு எழுத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தோட்டம் நன்றாக வந்தது. சிறுகீரை, அரைக்கீரை, புளிச்சக்கீரை, வெண்டை, தக்காளி. கம்பெனி பஸ் வந்து நின்றதும் பெண்கள் டிபன் பாக்ஸோடு நேராகத் தோட்டத்துக்கு வருவார்கள். கடை விலையில் பாதி. என்னைப் பார்த்தால் பிள்ளைகள் "கீரை மேடம் வர்றாங்க" என்று கத்தும்.

கஸ்தூரியின் மகள் ஜீவா தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தாள். ஏழு மாதம். முகம் வெளுத்துப்போயிருந்தது. நர்ஸின் சீட்டில் அதே வரி, ரத்தம் கம்மி, கீரை சாப்பிடு. இந்தத் தடவை கீரை இருந்தது. அறுவடையில் முதல் கட்டு ஜீவாவுக்கு என்று தெருவே முடிவு செய்தது. தினமும் ஒரு கட்டு. நான் போகும்போதெல்லாம் அவள் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள்.

தணிகாசலம் சார் ஒரு பிற்பகலில் பார்க்க வந்தார். எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். வரிசை வரிசையாக மெதுவாக நடந்தார். ஒரு சாக்கின் முன்னால் நின்று, மடித்துத் தைத்த வாயில் விரலை ஓட்டினார்.

"இது இன்னா சாக்கும்மா?"

"உப்பு மூட்டை சார்."

"பாத்தியா, கேட்டியா?"

டைரியில் ஏற்கனவே எழுதிவிட்டேன். "பாத்தேன் சார்" என்றேன்.

"தையலைப் பிரி" என்றார்.

கீரை அறுக்கிற கத்தியால் நூலை அறுத்தேன். மடிப்பை வெளியே இழுத்தேன். உள்ளே அலசியதில் பாதி அழிந்துபோன அச்செழுத்துகள் இருந்தன. மடிப்பின் இடுக்கில் பாசி படிந்தது போல ஏதோ ஒட்டியிருந்தது. அவர் கைக்குட்டையின் நுனியை நனைத்துத் துடைத்துக் காட்டினார். கரும்பச்சை.

"உப்பு பச்சையா இருக்குமா எஸ்தர்?"

அந்தத் தெருவில் குழந்தைக்குக்கூடத் தெரியும் அது என்னவென்று. தோலைப் பதப்படுத்தப் பீப்பாயில் கொட்டுகிற குரோம் தூள். அதில் ஊறினால்தான் தோல் வெளிர் நீலமாக வெளியே வரும். மண்ணை இரண்டு தடவை சோதித்தேன், தண்ணீரைச் சோதித்தேன். அந்த நல்ல மண்ணைக் கொண்டுபோய் குரோம் மூட்டையில் கொட்ட விட்டுவிட்டு, பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஒவ்வொரு சாக்காகப் பிரித்தோம். பலது உப்பு மூட்டைதான். நடுநடுவே பச்சை.

சார் ஆறு மணிவரை ஒரு செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். பஸ் வந்தது. பிரிந்து கிடக்கும் சாக்குகளைப் பார்த்ததும் கஸ்தூரிக்குப் புரிந்துவிட்டது. உப்பு மூட்டை பற்றாமல் போனதால் பீப்பாய்ப் பிரிவில் இருக்கிறவர்கள் கொஞ்சம் கொண்டுவந்தார்கள் என்றாள்.

"ஏன் என்கிட்ட சொல்லலை?" என்று கத்தினேன்.

"அலசினோமே மேடம்! பச்சைத் தண்ணி நிக்கற வரைக்கும் அலசினோம். தெனம் இந்தக் கையிலதான் படுது. கழுவிட்டு இதே கையாலதான் சோறு திங்கறோம். சாக்கக் கழுவினா மட்டும் போவாதா?"

முட்டாள்தனமான கேள்வி என்று நான் நினைக்கவில்லை. இருபது வருடம் கையுறை கொடுக்காமல் அவளை வேலை வாங்கினவர்கள் சொல்லிக்கொடுத்த பாடம் அது. கழுவினால் போய்விடும். அதை நம்பாவிட்டால் அவளால் மதியம் சாப்பாடு சாப்பிட்டிருக்க முடியாது.

அறுவடை நின்றது. கீரையும் மண்ணும் சோதனைக்குப் போயின. சில சாக்குகளில் குரோமியம் இருக்க வேண்டியதைவிட ஜாஸ்தி என்று முடிவு வந்தது. கீரையிலும் கொஞ்சம் இருந்தது.

நான் டைரியில் அந்த 'பா'வை அடிக்கப் போனேன். சார் பென்சிலை என் விரல் மேல் வைத்தார். "அடிக்காத. அது அப்படியே இருக்கட்டும். கீழ எழுது." எழுதினேன்: 'சாக்குகள் பற்றிய முந்தைய வரி பார்த்து எழுதியது அல்ல.' எனக்கு மெமோ வரும் என்று காத்திருந்தேன். அவர் சொன்னது வேறு.

"வூடு வூடா நீயே போய்ச் சொல்லு. பாக்காம எழுதினேன்னு சொல்லு. வேற யாரும் சொல்ல வேணாம்."

சாக்கு எந்தக் கம்பெனியிலிருந்து வந்தது என்று மட்டும் அவர் கடைசிவரை கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்கிற மனிதர். அவர் கேட்காததால்தான் அந்தத் தெருவில் யாருக்கும் வேலை போகவில்லை.

வீடு வீடாகப் போனேன். சிலர் திட்டினார்கள். சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒரு பெண், "நல்லதாப் போச்சு, நம்ம தோலும் பதமாயிருக்கும். செத்தா செருப்பாவது தைப்பாங்க" என்றாள். பக்கத்து வீட்டுக்காரிகள் சிரித்தார்கள். என்னால் அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

கடைசியாக கஸ்தூரி வீடு. வாசலிலேயே நின்று சொன்னேன். உள்ளே இருந்து ஜீவா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"புள்ளைக்கு ஒன்னும் ஆவாதில்ல மேடம்?"

ஆகாது என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் அதுவும் இன்னொரு பா. "எனக்குத் தெரியாதும்மா" என்றேன். "நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிட்டுப் போறேன். உள்ள வந்து பேசட்டுமா?"

கஸ்தூரி வாசலில் கையைக் குறுக்கே வைத்தாள்.

"நீங்க எதுக்கு மேடம் உள்ள வர்றீங்க? பாக்காமலே எழுதறவங்கதானே நீங்க. எங்க வூட்டயும் பாக்காமலே எழுதிக்குங்க."

பொய் சொன்னவள் அவள். அதை அவள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம், நான் அடக்கிக்கொள்கிற ஆளும் இல்லை. ஆனால் தெரிந்ததைச் சொல்லாமல் விட்டது அவள் தப்பு என்றால், பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கினவள் நான். திரும்பி வந்துவிட்டேன்.

அந்தச் சாக்குகளை எல்லாம் மண்ணோடு தோல் கழிவைக் கையாளும் இடத்துக்கு அனுப்பினோம். அதற்குப் பிறகு துறையின் வளர்ப்புப் பைகள் வந்து இறங்கின. வண்டியோடு வந்தவர், "எங்க இறக்கறது?" என்று கேட்டார். நான் சொன்ன பதிலை மலரில் போட முடியாது.

தோட்டத்தை மறுபடி ஆரம்பித்ததும் கஸ்தூரிதான். நான் அழைக்கவில்லை, அழைத்திருந்தால் வந்திருக்க மாட்டாள். யார் என்ன பை கொண்டுவந்தாலும் அவள் முன்னால் வைத்து, "புரட்டு" என்பாள். உள்ளும் வெளியும் பார்த்து, முகர்ந்து, ஈரத் துணியால் துடைத்துப் பார்த்து, அப்புறம்தான் மண். துறையிலிருந்து வந்த புதுப் பைகளையும் விடவில்லை. என்னிடம் நேராகப் பேச மாட்டாள். "விதை தீந்துபோச்சுன்னு அந்த மேடத்தாண்ட சொல்லு" என்று பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லுவாள். நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருப்பேன்.

ஜீவாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் சொன்னார், எடை நன்றாக இருக்கிறது, டாக்டர்கள் பார்த்துவிட்டார்கள், குறை எதுவும் தெரியவில்லை என்று. டைரியில் எழுதினேன். கே போட்டேன். குழந்தை நடக்கிறதாம், கே. பள்ளிக்கூடத்தில் சேர்த்தாகிவிட்டதாம், கே. ஒரே தெரு. எதிரே வந்தால்கூட எனக்கு அடையாளம் தெரியாது.

தணிகாசலம் சார் எனக்கு முன்னாலேயே ஓய்வு பெற்றார். நான் ஓய்வு பெற்ற அன்று தோட்டத்தை ஒப்படைக்கப் பட்டியலோடு போனேன். பைகள், குழாய், தெளிப்பான், கத்தி. ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து எழுதினேன். எல்லாம் பா. கஸ்தூரி குனிந்து அரைக்கீரை அறுத்துக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. கையில் கையுறை போட்டிருந்தாள்.

"குழந்தை எப்படி இருக்குது கஸ்தூரி?" என்று கேட்டேன்.

அறுப்பது நிற்கவில்லை. "நல்லாத்தான் கீது" என்றாள். அத்தனை வருடத்தில் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை.

வந்து பாருங்கள் என்று சொல்லுவாளோ என்று நின்றேன். அவள் கீரையைக் கட்டி, வேரிலிருந்த மண்ணைத் தட்டி, என் கையில் ஒரு கட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த பைக்குப் போய்விட்டாள்.

பிரியா, உன் செல்போனில் இருக்கும் அந்தக் கட்டத்தில் இதை எப்படிப் போடுவாய் என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து டைரியில் கடைசி வரியை எழுதினேன்: 'ஜீவாவின் மகள் நலம்.' கோட்டுக்கு வெளியே பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கே.